ஒரு கண்ணில் திடீர் இருட்டு, காரணம் கழுத்து ரத்தக்குழாய்: 34 வயதில் இது வருமா?

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பிக்கு 34 வயது. மதுரையில் கல்யாண வீடியோ எடுக்கிறான். சுகர் இல்லை, பிரஷர் இல்லை, சிகரெட் கிடையாது. போன மாதம் இடது பக்கம் தாடைக்குக் கீழே கழுத்தில் ஒரு வலி, கூடவே இடது நெற்றிப்பொட்டிலும் வலி. முகூர்த்த சீசன், நாள் முழுக்கக் கேமரா தூக்குகிறான், சுளுக்குதான் என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டோம். முடிவெட்டப் போன இடத்தில் கழுத்தை இரண்டு பக்கமும் திருகி ‘டக் டக்’ என்று சொடக்கும் எடுத்துக்கொண்டு வந்தான்.

அதற்கு அடுத்த வாரம் டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது இடது கண்ணில் சாம்பல் நிறமாக ஏதோ மேலிருந்து இறங்கி, பாதிப் பக்கம் மறைந்துவிட்டது. வலது கண்ணைக் கையால் பொத்திப் பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லையாம். ஐந்தாறு நிமிடத்தில் தானாகவே சரியாகிவிட்டது. பசி மயக்கம் என்று நினைத்து இட்லி சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டான்!

சாயங்காலம் பேச்சுவாக்கில் மனைவியிடம் சொல்ல, அவள்தான் பிடிவாதமாகக் கண் டாக்டரிடம் இழுத்துப் போனாள். மருந்து விட்டு விழித்திரையைப் பார்ப்பதற்கு முன்னாலேயே அந்த டாக்டரம்மா அறை விளக்கை அணைத்துவிட்டு, சின்ன டார்ச்சை வைத்து இரண்டு கண்பாவையையும் மாறி மாறிப் பார்த்தாராம். இருட்டில் வலது பாவை நன்றாக விரிந்தது, இடது பாவை சின்னதாகவே நின்றது. “இந்த இமை முன்னாடியே கொஞ்சம் இறங்கித்தான் இருக்குமா?” என்று கேட்டார். யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. டிரைவிங் லைசென்ஸை வாங்கி, அதில் இருந்த படத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தார். படத்தில் இரண்டு இமையும் சமம். விழித்திரை நார்மல். ஆனாலும் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, “இன்னைக்கு ராத்திரியே போங்க, நாளைக்கு வேண்டாம்” என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்.

ரத்தக்குழாய்களைக் காட்டும் சிடி ஆஞ்சியோ ஸ்கேனில் தெரிந்தது: மூளைக்குப் போகும் இடது பக்கக் கழுத்துத் தமனியின் உள்சுவர் கிழிந்திருக்கிறது. எம்ஆர்ஐயில் மூளையில் சின்னதாக இரண்டு புள்ளி, அவனுக்குத் தெரியாமலேயே வந்துபோன ஸ்ட்ரோக். இப்போது வீட்டில் மாத்திரையோடு இருக்கிறான்.

கேள்விகள்: கிழிந்தது ஒட்டுமா? இந்த வயதில் எப்படி வருகிறது? சலூன்தான் காரணமா? அம்மா சலூன்காரரை ஒரு கை பார்க்காமல் விடமாட்டேன் என்று நிற்கிறார். அவரோ எங்கள் தாத்தா காலத்திலிருந்து குடும்பத்துக்கே முடிவெட்டுபவர்.

நைட்ஷிப்ட்_நியூரோ

நரம்பியல் பிரிவில் வேலை பார்க்கிறேன். தம்பியை நேரில் பார்க்காததால் பொதுவாகத்தான் சொல்ல முடியும். முதலில் அந்தக் கண் டாக்டருக்கு ஒரு சல்யூட். விழித்திரை நார்மல் என்றதும் கண்ணாடி நம்பர் எழுதி அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை.

தமனிச் சுவர் மூன்று அடுக்கு. உள் அடுக்கு கிழிந்தால் ரத்தம் சுவருக்குள்ளேயே புகுந்துவிடும். பழைய ஜெர்கினின் உள் லைனிங் கிழிந்திருந்தால், கையை விடும்போது அது லைனிங்குக்கும் வெளித்துணிக்கும் நடுவில் போய் மாட்டிக்கொள்ளும் இல்லையா, அந்த மாதிரி. உள்ளே தேங்கும் ரத்தம் சுவரை உட்பக்கமாகத் தள்ளுவதால் பாதை குறுகுகிறது. கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து கட்டியாகிறது. அதிலிருந்து துணுக்குகள் பிய்ந்து மேலே போகும்.

மேலே போனால் கண் எங்கே வந்தது? கண்ணுக்கு ரத்தம் கொடுக்கும் தமனியே இந்தக் கழுத்துத் தமனி மண்டைக்குள் நுழைந்த பிறகு பிரியும் கிளைதான். துணுக்கு அதில் நுழைந்து, கரைந்து, நகர்ந்துவிட்டால் பார்வை சில நிமிடம் போய்த் திரும்பும். தம்பிக்கு நடந்தது அதுதான். நகராமல் விழித்திரையின் நடுத் தமனியிலேயே அடைத்துக்கொண்டால் திரும்பாது. பஞ்சாபில் பிறந்து அமெரிக்காவின் அயோவாவில் பணியாற்றிய கண் மருத்துவர் சோஹன் சிங் ஹேரே குரங்குகளில் செய்த சோதனை எங்கள் துறையில் பிரபலம். அடைப்பு 97 நிமிடம் வரை இருந்தால் விழித்திரை தப்பிக்கிறது, 240 நிமிடம் நீடித்தால் கிட்டத்தட்ட முழுவதும் போய்விடுகிறது. நமக்கு இருக்கும் நேரம் அவ்வளவுதான்.

பாவை சிறுத்து இமை இறங்கியதற்குக் காரணம் வேறு. கண்பாவையை விரிக்கும் நரம்பு இழைகள் இந்தத் தமனியைச் சுற்றிக்கொண்டுதான் மேலே ஏறுகின்றன. சுவர் வீங்கினால் அவை நசுங்கும். ஹார்னர் என்ற சுவிஸ் கண் மருத்துவர் 1869இல் விவரித்ததால் அவர் பெயரிலேயே அழைக்கிறோம். ஒரு பக்கம் கழுத்து வலி, அதே பக்கம் ஹார்னர் என்றால், வேறு காரணம் நிரூபணம் ஆகும்வரை அது தமனிக் கிழிசல்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

எல்லா வயதையும் சேர்த்துப் பார்த்தால் ஸ்ட்ரோக்கில் இதன் பங்கு 2 சதவீதம் அளவுக்குத்தான். 50 வயதுக்குக் கீழே மட்டும் பார்த்தால் 10 முதல் 25 சதவீதம் வரை போகும். கொழுப்பு அடைப்பு வயதானவர்கள் சங்கதி. கிழிசல் நன்றாக ஓடியாடிக்கொண்டிருப்பவர்களுக்கு வருவது.

அரும்பு_மீசை

டாக்டர் சொல்வதெல்லாம் சரி. ஆனால் ஊரே சலூனில் கழுத்து முறிக்கிறது. நான் கல்லூரிக் காலத்திலிருந்து மாதாமாதம் எடுத்துக்கொள்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கிராமத்தில் சுளுக்கு வழிப்பவர்கள் எத்தனை தலைமுறையாகச் செய்கிறார்கள்? எதற்கெடுத்தாலும் பாவம் சலூன்காரர்கள்தான் கிடைத்தார்களா?

நைட்ஷிப்ட்_நியூரோ

சகோ, உங்களுக்கு ஒன்றும் ஆகாததில் ஆச்சரியமே இல்லை. கிழிசல் வருடத்துக்கு லட்சத்தில் இரண்டு மூன்று பேருக்கு வருவது. அதனால்தான் யாருடைய சொந்த அனுபவமும் இதில் சாட்சியாகாது, உங்களுடையதும் சரி, என்னுடையதும் சரி.

வைகைக்கரையின் பதிவை இன்னொரு முறை படியுங்கள். வலி முதலில் வந்தது, சலூன் பிறகுதான். அந்த வலியே கிழிசலின் வலியாக இருந்திருக்கலாம். கழுத்து வலிக்கிறதே என்றுதான் ஆட்கள் கழுத்தைத் திருகிக்கொள்ளப் போகிறார்கள். ஏற்கெனவே கிழிந்த தமனியைத் திருகினால் கிழிசல் பெரிதாகலாம், ஒட்டியிருந்த கட்டி கழன்று மேலே போகலாம். எனவே “சலூனால் வந்தது” என்றும் அடித்துச் சொல்ல முடியாது, “சலூனுக்குச் சம்பந்தமே இல்லை” என்றும் சொல்ல முடியாது. அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். கேட்பார்களா தெரியாது.

ஸ்கார்பரோ_சிவப்பு

நான் கனடாவில். இங்கே கழுத்தைத் திருப்பி வைத்தியம் செய்ய கைரோபிராக்டர் என்று படித்தவர்களே இருக்கிறார்கள். என்ர மச்சாள் போனபோது கையெழுத்து வாங்கின தாளில் ஸ்ட்ரோக் அபாயம் பற்றி ஒரு பந்தி இருந்தது. அதைப் பார்த்துவிட்டு எழும்பி வந்துவிட்டாள்.

டாக்டர் சொன்ன “எது முதலில்” என்ற கேள்வியை எங்கட ஒன்டாரியோவில்தான் பெரிய அளவில் பார்த்தார்கள். 2008இல் வந்த ஆய்வு அது. கழுத்தின் பின்பக்கத் தமனி சம்பந்தமான ஸ்ட்ரோக் வந்த 818 பேர். 45 வயதுக்குக் கீழானவர்களில், ஸ்ட்ரோக்குக்கு முன்னால் கைரோபிராக்டரிடம் போன தொடர்பு தெரிந்தது. ஆனால் சாதாரணக் குடும்ப வைத்தியரிடம் போனவர்களிலும் அதே தொடர்பு! குடும்ப வைத்தியர் யாருடைய கழுத்தையும் திருகவில்லையே. வலி வந்தபிறகுதான் இரண்டு இடத்துக்கும் போயிருக்கிறார்கள் என்று அந்த ஆய்வாளர்கள் விளக்கினார்கள். இந்த விளக்கத்தை ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். சண்டை இன்னும் முடியவில்லை.

மிட்விக்கெட்

ஆஸ்திரேலிய கிரிக்கெட் வீரர் பில் ஹியூஸுக்கு நடந்ததும் இதுதானே? 2014 நவம்பர், சிட்னி. பவுன்சர் கழுத்தில் பட்டு, இரண்டு நாளில் போய்விட்டார். 25 வயது.

நைட்ஷிப்ட்_நியூரோ

குடும்பம் ஒன்று, கதை வேறு. அவருக்குக் கிழிந்தது முதுகெலும்பை ஒட்டி ஏறும் பின்பக்கத் தமனி. அடி பலமாக விழுந்ததால் மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்தது. மிக அரிது.

பெரும்பாலோருக்கு இவ்வளவு பெரிய அடியே தேவைப்படுவதில்லை. விடாத இருமல், கடும் வாந்தி, ஜிம்மில் மூச்சைப் பிடித்து எடை தூக்குவது, கூரைக்குப் பெயிண்ட் அடிக்க மணிக்கணக்கில் அண்ணாந்திருப்பது, இப்படி ஏதாவது அற்பமாக இருக்கும். பலரிடம் அதுகூட இருக்காது. சிலருக்குத் தமனிச் சுவரே இயல்பில் பலவீனம். மூட்டுகள் அளவுக்கு மீறி வளைபவர்கள், குடும்பத்தில் சின்ன வயதில் ரத்தக்குழாய் வெடித்து இறந்தவர்கள் உள்ளவர்கள் என்றால் அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும். மைக்ரேன் உள்ளவர்களுக்கும் இது கொஞ்சம் அதிகம்.

லென்ஸ்_கடை_அக்கா

கண் பரிசோதனை செய்வதுதான் என் வேலை. எங்களிடம் “ஒரு கண்ணு தெரியலைங்க” என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது: ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பார்த்தீர்களா?

ஏன் என்றால், மூளையின் பின்பக்கம் அடைப்பு வந்தால் இரண்டு கண்ணிலுமே இடது பாதியோ வலது பாதியோ மறையும். ஆனால் எல்லோரும் “இடது கண் போச்சு” என்றுதான் சொல்வார்கள். பொத்திப் பார்க்காவிட்டால் டாக்டருக்கும் குழப்பம். வைகைக்கரையின் தம்பி பொத்திப் பார்த்தது எவ்வளவு பெரிய உதவி தெரியுமா?

மைக்ரேன்காரர்கள் பயந்துவிடாதீர்கள். மைக்ரேனில் பொதுவாக இரண்டு கண்ணிலும், மின்னும் வளைவு நெளிவுக் கோடாக, மெல்லப் பரவி, இருபது முப்பது நிமிடம் இருக்கும். தமனிப் பிரச்சினையில் ஒரு கண்ணில் சட்டென்று வெளிச்சம் பறிபோகும், மின்னல் எதுவும் இராது. ஆனால் முதல் முறை வரும்போது “மைக்ரேன்தான்” என்று நீங்களே முடிவெடுக்காதீர்கள்.

கீரைக்கட்டு

கண் நரம்பு பலவீனம்தான் இதற்கெல்லாம் மூலம். பொன்னாங்கண்ணிக் கீரை ஒரு மண்டலம் சாப்பிட்டால் பகலில் நட்சத்திரம் தெரியும். உடனடியாக ஏதாவது வேண்டும் என்றால் ஒரு ஆஸ்பிரின் போட்டுக்கொண்டு படுத்தால் போதும்.

நைட்ஷிப்ட்_நியூரோ

கீரை தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆஸ்பிரின் யோசனையை மட்டும் யாரும் பின்பற்ற வேண்டாம். அடைப்பா, ரத்தக்கசிவா என்பது ஸ்கேன் எடுக்காமல் யாருக்கும் தெரியாது. கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் அதைக் கூட்டிவிடும். அதைவிட ஆபத்து அந்த “படுத்தால் போதும்”. கிழிசலில் ஸ்ட்ரோக் வரும் அபாயம் முதல் இரண்டு வாரத்தில்தான் மிக அதிகம். கண்ணில் வந்துபோன இருட்டு பல சமயம் பெரியது வருவதற்கு முந்தைய எச்சரிக்கை.

துணிக்கொடி

இந்த இழையைப் படித்துவிட்டுச் சும்மா போக மனம் வரவில்லை. கழுத்து ரத்தக்குழாய் என்றால் கிழிசல் மட்டும் இல்லை, எனக்கு இருப்பது டகயாசு என்ற நோய்.

24 வயதில் ஆரம்பித்தது. மாடியில் துணி காயப்போடக் கையைத் தூக்கி அண்ணாந்தால் கண் இருட்டிக்கொண்டு வரும், கை சோர்ந்து விழும். உட்கார்ந்தால் தெளியும். ரத்தசோகை என்று சொல்லி இரும்பு மாத்திரை கொடுத்தார்கள். ஒரு முகாமில் நர்ஸ் இடது கையில் பிபி பார்த்தார், மெஷின் எண்ணே காட்டவில்லை. மெஷின் ரிப்பேர் என்று வேறு மெஷின் கொண்டுவந்தார்கள், அதிலும் இல்லை. வலது கையில் பார்த்தால் வந்தது. அந்த நர்ஸ் என் இடது மணிக்கட்டில் நாடியைத் தேடிய முகம் இன்னும் நினைவிருக்கிறது. நாடியே இல்லை.

உடலே தன் பெரிய ரத்தக்குழாய்களைத் தாக்கி அழற்சி உண்டாக்குகிற நோய் இது. சுவர் தடித்துப் பாதை அடைபடும். பெரும்பாலும் 40 வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கு வருவது. முதலில் எழுதியவர் இதய மருத்துவர் இல்லை, ஜப்பானியக் கண் மருத்துவர் மிகிடோ டகயாசு! 1908இல், 21 வயதுப் பெண் ஒருத்தியின் விழித்திரையில் பார்வை நரம்பைச் சுற்றி ரத்தக்குழாய்கள் மாலை மாதிரி வளைந்து கிடந்ததை விவரித்தார். ரத்தம் போதாததால் கண் தானே புதுப் பாதை போட்டிருக்கிறது. நம் ஊரில் வேலூர் சிஎம்சியில் இந்த நோயாளிகளைப் பெரிய எண்ணிக்கையில் வருடக்கணக்கில் பின்தொடர்கிறார்கள். நோய் எவ்வளவு வீரியமாக இருக்கிறது என்று அளக்க இந்திய மருத்துவர்கள் உருவாக்கிய ‘ஐடாஸ் 2010’ என்ற மதிப்பெண் முறை வெளிநாடுகளிலும் பயன்படுகிறது.

அழற்சியை அடக்க எனக்கு ஸ்டீராய்டும் மெத்தோட்ரெக்ஸேட்டும் ஓடுகிறது. முகம் உப்பி, மறுபடி வடிந்து, இப்போது பரவாயில்லை. தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன்: அடிக்கடி கண் இருட்டுகிறது, காரணமில்லாமல் காய்ச்சல், எடை குறைகிறது, கை சீக்கிரம் அசந்துபோகிறது என்றால் இரண்டு கையிலும் பிபி பார்க்கச் சொல்லுங்கள். அதற்குச் செலவே கிடையாது.

நைட்ஷிப்ட்_நியூரோ

அருமையான பதிவு தோழி. இரண்டு கைக்கும் மேல்பிபி 10க்கு மேல் வித்தியாசம் இருந்தால் கவனிக்க வேண்டும் என்பது எங்கள் கணக்கு. நடைமுறையில் ஒரு கையில் மட்டும்தான் பார்க்கிறோம். எல்லோரும்தான், நாங்களும் சேர்த்து.

சிறுவாணி_தண்ணி

கிழிசல் விஷயத்துக்கு வருகிறேன். என் கணவருக்கு 41. வலது கழுத்து வலி, கண்ணில் இருட்டு வந்து போனது, கூடவே ராத்திரி படுத்தால் வலது காதுக்குள் நெஞ்சுத் துடிப்பு ‘புஸ் புஸ்’ என்று கேட்கிறது என்றார். ஓர் ஆஸ்பத்திரியில் கழுத்துக்கு டாப்ளர் ஸ்கேன் எடுத்து, எல்லாம் நார்மல், டென்ஷன் என்று தூக்க மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். மூன்றாம் நாள் இடது கை மரத்தது. வேறு இடத்தில் எம்ஆர்ஐ எடுத்தபோது மண்டை ஓட்டுக்குச் சற்றுக் கீழே கிழிசல். டாப்ளர் பொய் சொல்லுமா டாக்டர்?

நைட்ஷிப்ட்_நியூரோ

பொய் சொல்லவில்லை, அதற்கு அவ்வளவு தூரம் எட்டாது. டாப்ளர் என்பது ஒலி அலையால் பார்ப்பது, கருவியைக் கழுத்தின் மேல் வைத்துப் பார்க்கிறோம். தாடை எலும்புக்கு மேலே ஒலி போகாது. வயதானவர்களின் கொழுப்பு அடைப்பு பெரும்பாலும் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில், கழுத்தின் நடுவில் இருக்கும், டாப்ளரில் நன்றாகத் தெரியும். கிழிசல் பெரும்பாலும் அதைத் தாண்டி, மண்டை ஓட்டின் அடிப்பாகத்தை ஒட்டி வருகிறது. ஆகவே சந்தேகம் இருந்தால் டாப்ளர் நார்மல் என்பதோடு நிறுத்தக் கூடாது. நெஞ்சிலிருந்து தலைவரை சிடி ஆஞ்சியோ, அல்லது கழுத்துச் சுவரைக் காட்டும் விதத்தில் எடுத்த எம்ஆர்ஐ வேண்டும். எம்ஆர்ஐயில் சுவருக்குள் தேங்கிய ரத்தம் வெள்ளைப் பிறையாகத் தெரியும். ஒரு முறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

காதில் துடிப்பு கேட்டதும் கிழிசலின் அறிகுறிதான். அதை யாரும் கேட்பதில்லை, நோயாளிகளும் சொல்வதில்லை. பைத்தியம் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம்.

வைகைக்கரை

எல்லோருக்கும் நன்றி. தம்பிக்கு ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் கொடுத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் “இதுக்கெல்லாம் ரத்தத்தையே இளக்கற பெரிய மாத்திரை போடணும், உங்களை ஏமாத்தறாங்க” என்கிறார். அப்புறம், கிழிந்தது ஒட்டுமா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. கேமரா தூக்கலாமா? பைக் ஓட்டலாமா?

நைட்ஷிப்ட்_நியூரோ

பக்கத்து வீட்டுக்காரர் கேட்பது நாங்களே வருடக்கணக்கில் கேட்ட கேள்விதான். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் 250 பேரை வைத்துச் செய்த காடிஸ் என்ற சோதனையின் முடிவு 2015இல் வந்தது. ஆஸ்பிரின் வகை மாத்திரை ஒரு பிரிவுக்கு, ரத்தம் உறைவதைத் தடுக்கும் வலுவான மருந்து இன்னொரு பிரிவுக்கு. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, இரண்டு பிரிவிலும் மறுபடி ஸ்ட்ரோக் வந்தது மிகச் சிலருக்கே. பிறகு 2021இல் வந்த இன்னொரு சோதனை, ஆஸ்பிரின் வலுவான மருந்துக்குச் சமம் என்று நிரூபிக்க முடியவில்லை என்றது. அதனால் கட்டி தெரிகிறதா, பாதை எவ்வளவு குறுகியிருக்கிறது என்று ஆளைப் பார்த்து முடிவெடுக்கிறோம். உங்களை யாரும் ஏமாற்றவில்லை.

பெரும்பாலான கிழிசல் மூன்று முதல் ஆறு மாதத்தில் தானாகவே ஆறிவிடும். ஸ்டென்ட், ஆபரேஷன் எல்லாம் கொஞ்சம் பேருக்குத்தான். மூன்று மாதத்தில் இன்னொரு ஆஞ்சியோ எடுத்துப் பார்ப்பார்கள். அதுவரை மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது. கனமான எடை தூக்குவது, கழுத்தைத் திருகுவது, தலைகீழ் ஆசனங்கள், தீம்பார்க் ராட்டினம் எதுவும் வேண்டாம். டிரைபாடில் வைத்துப் படமெடுக்கலாம், தோளில் தூக்க வேண்டாம். பைக் பற்றி அவரைப் பார்க்கும் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

கரிசல்_ராத்திரி

நான் இருப்பது விளாத்திகுளம் பக்கம் ஒரு கிராமம். ராத்திரி பதினோரு மணிக்கு இப்படி ஆனால் என்ன செய்வது? கண் ஆஸ்பத்திரி காலையில்தான் திறக்கும்.

லென்ஸ்_கடை_அக்கா

கண் ஆஸ்பத்திரி திறக்கும் வரை காத்திருக்கவே கூடாது. அரிப்பு, நீர் வடிதல், சிவப்பு என்றால் காலைவரை பொறுக்கலாம். வலியில்லாமல் ஒரு கண் பார்வை சட்டென்று போனால் அது ஸ்ட்ரோக் மாதிரிதான், 108தான். போனில் “கண் சரியில்லை” என்று சொல்லாதீர்கள், “இத்தனை மணியிலிருந்து ஒரு கண் பார்வை திடீரென்று போய்விட்டது, கழுத்தும் வலிக்கிறது” என்று சொல்லுங்கள். சிடி ஸ்கேன் இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிக் கேளுங்கள்.

நைட்ஷிப்ட்_நியூரோ

அக்கா சொன்னதை அப்படியே செய்யுங்கள். மூளை ஸ்ட்ரோக்கில் கட்டியைக் கரைக்கும் ஊசியை 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். கண்ணில் மட்டும் அடைப்பு என்றால் அந்த ஊசி எவ்வளவு உதவும் என்பதில் மருத்துவ உலகில் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. இருந்தாலும் சீக்கிரம் வந்தால்தான் எதையும் யோசிக்கவே முடியும். பார்வை திரும்பிவிட்டாலும் வாருங்கள்.

வைகைக்கரை

கடைசியாக ஒன்று டாக்டர். இமையும் பாவையும் பழையபடி ஆகுமா? அவன் தினமும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருக்கிறான்.

நைட்ஷிப்ட்_நியூரோ

சிலருக்குச் சில மாதங்களில் சரியாகிறது, சிலருக்கு லேசாக அப்படியே நின்றுவிடுகிறது. நின்றாலும் பார்வைக்கு அதனால் கெடுதல் இல்லை. தினமும் கண்ணாடி பார்ப்பதைவிட மாதம் ஒருமுறை ஒரே வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள், அடுத்த முறை காட்டும்போது ஒப்பிட வசதியாக இருக்கும்.